சந்து எவ்வளவு அகலம்? – நெல் மூட்டையும் ஃபோர்க்லிஃப்டும்



"ஃபோர்க்லிஃப்டுக்கும் வரலாற்றுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்பீர்கள். நியாயம்தான். மீன்சுருட்டிப் பக்கம் வரலாறு என்றாலே ராஜேந்திர சோழன், கங்கைகொண்ட சோழபுரம், மாளிகைமேடு என்றுதான் பேச்சு போகும். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது மூட்டையைப் பற்றி. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் விடுகிற சந்தைப் பற்றி.

திருச்சி – சிதம்பரம் சாலையும், விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையும் சந்திக்கிற இடம் மீன்சுருட்டி. கொஞ்ச நேரம் நின்று போகிற லாரிகளைக் கவனியுங்கள். அரியலூர் சிமெண்ட், டெல்டா நெல், முந்திரிக்கொட்டை, உரம். எல்லாமே மூட்டை. ஏறுகிற இடத்தில் சிலதுக்கு மெஷின் உண்டு. இறங்குகிற இடத்தில் பெரும்பாலும் தோளும் தலையும்தான்.

அதே லாரி சென்னைப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போனால் அங்கே இருக்கிற கிடங்குகளில் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு இரும்பு ரேக்குகள். நடுவே ஒடுங்கிய சந்து. அதற்குள் ஒரு வண்டி புகுந்து புறப்பட்டு வருகிறது. அது நம் ஊர் குடோனுக்கு ஏன் வரவில்லை? "காசு இல்லை" என்பது சுலபமான பதில். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் சந்தே இல்லாத காலம். வீட்டில் குதிர், பத்தாயம். மேலே கொட்டு, கீழே இருக்கிற திறப்பு வழியாக எடு. அவ்வளவுதான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறை கோயிலில் ஒரு நெற்களஞ்சியம் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சை நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டியது. 36 அடி உயரம், 3000 கலம் நெல் பிடிக்கும் என்பார்கள். குடுவையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அதற்குள் மனிதன் நடக்க வழி தேவையில்லை. நெல் தானாகவே சரிந்து இறங்கும். இடம் துளிகூட வீணாகாது. இன்றைய 'சைலோ' என்கிற கோபுரக் கிடங்கும் இதே யோசனைதான். 2007 வாக்கில் பஞ்சாப், ஹரியானாவிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் கோதுமையை மூட்டை கட்டாமல், உதிரியாகவே ரயிலில் கொண்டுவந்து கோபுரத்தில் நிரப்பும் ஏற்பாடு வந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தைய செங்கல் குடுவைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் வந்ததுதான் சாக்கு.

1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டினார் (நம் அணைக்கரைதான்). 1861–62-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்தது. 1855-இல் கல்கத்தா பக்கம் ரிஷ்ராவில் முதல் சணல் மில் தொடங்கியது. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் வந்ததால் விளைச்சல் கூடியது. ரயில் வந்ததால் நெல்லும் அரிசியும் தூரம் போகலாம் என்றானது. தூரம் போகிற பொருளை எண்ணவும் கைமாற்றவும் கோணிப்பை கிடைத்தது. உதிரி நெல்லுக்குக் கலம், மரக்கால் போதும். ரயிலேறும் நெல்லுக்கு 'இத்தனை மூட்டை' என்று ரசீது வேண்டும்.

மூட்டை வந்ததும் சந்து பிறந்தது. மூட்டையை எண்ண வேண்டும், குத்தூசி போட்டு மாதிரி எடுக்க வேண்டும், பூச்சிக்கு மருந்தடித்து உறை போட்டு மூட வேண்டும். அதற்கெல்லாம் சுற்றி வர வழி வேண்டும். அதனால் மூட்டைகளை மொத்தமாக நிரப்பாமல், தனித்தனி அட்டிகளாக அடுக்கினார்கள். (அட்டி என்றால் மூட்டையை மேலே மேலே கட்டி எழுப்பிய அடுக்கு.) இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் ஓர் அட்டி ஏறத்தாழ 30 அடிக்கு 20 அடி. கீழே ஈரம் ஏறாமல் கட்டை, அதன்மேல் மூட்டை. அட்டிக்கும் அட்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து. அந்தச் சந்தின் அளவுகோல் வேறொன்றுமில்லை, மனிதனின் தோள்பட்டை அகலம்தான்.

உணவுக் கழகம் என்றதும் ஒரு தகவல். 1965 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில் அந்தக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. அதற்கு முன்பே 1958-இல் மாநிலக் கிடங்கு நிறுவனம் வந்துவிட்டது. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆக, இந்த நாட்டின் பெரிய நெல் கிடங்கு முறை உருவானதில் நம் வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. அந்தக் கிடங்குகள் எல்லாம் லோடுமேனை மனதில் வைத்துத்தான் கட்டப்பட்டன. கூரை உயரம், தூண் இடைவெளி, கதவு அகலம் எல்லாமே மூட்டை சுமக்கிற மனிதனுக்கான கணக்கு. மூட்டைகளையே படிக்கட்டாக வைத்து, முதுகில் இன்னொரு மூட்டையோடு அவர் ஏறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த மெஷினும் அவ்வளவு சின்ன இடத்தில் திரும்பாது, நண்பர்களே.

இப்போது கடல் தாண்டிப் போவோம்.

1917-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், புகேனன் என்ற ஊரில் கிளார்க் கம்பெனி, அச்சு தயாரிக்கும் தன் ஆலைக்குள்ளேயே சாமான் நகர்த்த ஒரு வண்டி செய்தது. பெயர் 'டிரக்டிராக்டர்'. விற்கச் செய்ததல்ல. ஆலையைப் பார்க்க வந்தவர்கள் "எங்களுக்கும் ஒன்று செய்து கொடுங்கள்" என்று கேட்கப் போய் வியாபாரமானது. 1923-இல் யேல் கம்பெனியின் வண்டியில் முள்கரண்டி மாதிரி இரண்டு நாக்குகளும், வண்டியைவிட உயரமாக நீளும் கம்பமும் வந்தன. இன்று நாம் ஃபோர்க்லிஃப்ட் என்று சொல்லும் உருவம் ஏறக்குறைய அதுதான்.

அதன் தத்துவம் நமக்குப் புதிதில்லை. நம் ஊர் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தண்ணீர்ச் சால், மறு பக்கம் உத்தரத்தின்மேல் நடக்கிற ஆள். அவர் எடை இந்தப் பக்கம் வந்தால் சால் மேலே வரும். ஃபோர்க்லிஃப்டில் முன்சக்கரம்தான் ஏற்றக்கால். முன்னால் பாரம், பின்னால் வார்ப்பிரும்பு எடை. (மின்சார வண்டியில் பேட்டரியே பாதி எடையைக் கொடுத்துவிடும்.) பாரம் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டி நீளம் அதிகம். ரேக்கில் பேலட்டை வைக்க, அந்த மொத்த நீளமும் சந்துக்குள்ளேயே செங்குத்தாகத் திரும்பியாக வேண்டும். அதனால்தான் சாதாரண வண்டிக்கு மூன்றரை, நான்கு மீட்டர் சந்து. அதாவது 12, 13 அடி! மனிதனுக்கு மூன்றடி போதுமாக இருந்த இடத்தில்.

அமெரிக்காவில் நிலம் மலிவு, ஆள்கூலி அதிகம். அவர்கள் சந்தை அகலப்படுத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஐரோப்பாவில் அது கட்டுப்படியாகாது. போருக்குப் பிறகு இடம் தட்டுப்பாடு, கட்டடம் பழசு. 1950களில் 'ரீச் டிரக்' என்ற வகை பரவியது அதனால்தான். அமெரிக்காவில் ரேமண்ட், பிரிட்டனில் லான்சிங் பேக்னல், ஜெர்மனியில் 1953-இல் தொடங்கிய யுங்ஹைன்ரிஷ் ஆகியவை இதில் பேர் பெற்ற கம்பெனிகள். இதன் தந்திரம் ரொம்ப எளிது. பாரத்தைச் சக்கரங்களுக்கு வெளியே தொங்கவிடாமல், இரண்டு முன்கால்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொள்ளும். ரேக்குக்கு எதிரில் நின்ற பிறகுதான் கம்பம் முன்னால் நகர்ந்து நாக்கை நீட்டும். வண்டியின் நீளம் குறைந்தது, சந்து 2.7 முதல் 2.9 மீட்டருக்கு இறங்கியது.

அடுத்து வந்தவர்கள் "வண்டி ஏன் திரும்ப வேண்டும்? நாக்கு மட்டும் திரும்பட்டுமே" என்றார்கள். அதுதான் டரட் டிரக். சந்து 1.6 – 1.8 மீட்டர். வண்டி நேராக ஓடும், தரையில் பதித்த கம்பியோ ஓரத் தண்டவாளமோ வழிகாட்டும். 1980களில் பிரிட்டனில் இன்னொரு கூட்டம் வண்டியையே நடுவில் மடியச் செய்தது. இடுப்பு மடிகிற வண்டி. சுமார் 2 மீட்டர் சந்தில் வேலை செய்யும், வெளியே வந்து லாரியிலும் ஏற்றும்.

சரி, இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? கம்பெனி துண்டுப்பிரசுரங்களைப் படித்தால் சந்து குறுகக் குறுக லாபம் என்றுதான் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மீட்டர் அகலமுள்ள கிடங்கு. பேலட் வரிசை ஒன்றுக்கு 1.1 மீட்டர். முதுகோடு முதுகாக இரண்டு வரிசை, நடுவில் 10 சென்டிமீட்டர் இடைவெளி.

சாதாரண வண்டி, 3.6 மீட்டர் சந்து: 4 சந்து, 8 வரிசை. ஏறக்குறைய 23.5 மீட்டர்.
ரீச் டிரக், 2.8 மீட்டர் சந்து: அதே 4 சந்து, 8 வரிசை. 20.3 மீட்டர். மீதி 3.7.
டரட் டிரக், 1.7 மீட்டர் சந்து: 6 சந்து, 12 வரிசை. 23.9 மீட்டர்.

நடுவில் இருப்பதைக் கவனித்தீர்களா? ரீச் டிரக் வாங்கி 3.7 மீட்டர் மிச்சம் பிடித்தோம். ஆனால் இன்னொரு வரிசையும் அதற்கொரு சந்தும் போட 4 மீட்டர் வேண்டும். 30 சென்டிமீட்டர் குறைகிறது! அந்த இடம் சும்மாதான் கிடக்கும். ரீச் டிரக்கின் பலன் அங்கே அகலத்தில் இல்லை, உயரத்தில்தான் இருக்கிறது. நம் பழைய நெல் குடோன்கள் மூட்டை அட்டிக்காகக் கட்டியவை, கூரை தாழ்வு. அந்தப் பலனும் போச்சு. இதில் தூண்களை நான் சேர்க்கவே இல்லை. தூண் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வண்டி வாங்குவது, நிலைப்படியை அளக்காமல் பீரோ வாங்குகிற கதை.

டரட் டிரக் என்றால் 12 வரிசை, ஒன்றரை மடங்கு. பிரமாதம். ஆனால் தரை? சக்கரங்களுக்கு நடுவே ஒரு மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தால் 10 மீட்டர் உயரத்தில் கம்பம் 30 மில்லிமீட்டர் சாய்ந்து நிற்கும். சந்தில் இருபுறமும் இருக்கிற இடைவெளியே அவ்வளவுதான் என்கிற இடத்தில் இது விளையாட்டல்ல. அதற்கென்றே தரையைச் சமப்படுத்தி வார்க்க வேண்டும், அதில் பெரிய பணம் போகும். தவிர, அந்த வண்டி சந்தை விட்டு வெளியே வந்து லாரியில் ஏற்றாது. சந்து முனையில் கொண்டுவந்து கொடுக்க இன்னொரு வண்டி தேவை. ஒன்று பழுதானால் அந்தச் சந்து முழுக்க நின்றுவிடும்.

என் கருத்து: நடுத்தரக் கிடங்குக்கு, கூரை உயரமாக இருந்தால் ரீச் டிரக், கூரை தாழ்வாக, இடம் நெருக்கடியாக இருந்தால் இடுப்பு மடிகிற வண்டி. டரட் டிரக் என்பது கட்டடமே அதற்காக எழும்பும்போது மட்டும். பழைய கட்டடத்தில் அதைத் திணிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

டீசலா மின்சாரமா என்கிற கேள்வியும் உண்டு. மூடிய கிடங்கில், அதுவும் அரிசி இருக்கிற இடத்தில், டீசல் புகை ஆகாது. ஒடுங்கிய சந்து வண்டிகள் பெரும்பாலும் பேட்டரிதான். பழைய ஈய பேட்டரி நிரம்ப ஏழெட்டு மணி நேரமாகும். 2008-இலிருந்து சில வருஷங்கள் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது பேட்டரி வண்டி வாங்க யாருக்குத் தைரியம் வரும்? லித்தியம் பேட்டரி வந்த பிறகு, டீ குடிக்கிற நேரத்திலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

இந்தியாவில் ஃபோர்க்லிஃப்ட் தயாரிப்பு புதிதல்ல. கோத்ரெஜ், வோல்டாஸ் இரண்டும் பல பத்தாண்டுகளாகச் செய்து வந்தவை. வோல்டாஸின் அந்தப் பிரிவு 2011-இல் ஜெர்மனியின் கியானோடு கூட்டுச் சேர்ந்து பிறகு அவர்கள் கைக்கே போனது. வண்டி இருந்தது. சந்தைப் பற்றிய கவலைதான் இல்லை. தமிழ்நாட்டில் அந்தக் கவலை தொடங்கியது கண்டெய்னரோடு என்று சொல்லலாம். 1956-இல் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளைக் கப்பலேற்றி ஆரம்பித்து வைத்தது 1983-இல் சென்னைத் துறைமுகத்துக்குத் தனி முனையமாக வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் அகலம் 2.35 மீட்டர்தான், உள்ளே புகக் குட்டையான வண்டி வேண்டும். 1990களின் இறுதியில் ஃபோர்டு, ஹூண்டாய் கார் ஆலைகள் வந்தன. உதிரிபாகம் பேலட்டில்தான் வரும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் வைத்துக்கொள்ளும் அவசியம் குறைந்து, பெரிய கிடங்குகள் பெருகின. சென்னையைச் சுற்றி நிலத்தின் விலை ஏறியது. அங்கே சந்து பணமானது.

மீன்சுருட்டியில்? நிலம் அந்த விலை இல்லை. அதைவிட முக்கியம், பொருள் இன்னும் மூட்டையில்தான் வருகிறது.

இதுதான் விஷயத்தின் முடிச்சு. ஃபோர்க்லிஃப்ட் மூட்டையைத் தூக்காது, பேலட்டைத்தான் தூக்கும். கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை நெல் 40 கிலோ. ஒரு டன் பேலட்டுக்கு 25 மூட்டை, ஐந்து ஐந்தாக ஐந்து அடுக்கு. லாரியிலிருந்து இறக்கி அந்த 25-ஐயும் பேலட்டில் அடுக்குவது யார்? அதே லோடுமேன்தான். வெளியே அனுப்பும்போது பேலட்டிலிருந்து எடுத்து லாரியில் அடுக்குவதும் அவர்தான். பேலட்டோடு லாரியில் அனுப்பினால் பேலட் திரும்பி வர வேண்டும், அதன் எடைக்கும் இடத்துக்கும் வாடகை யார் கொடுப்பது? ஆஸ்திரேலியாவில் இதற்கு வழி கண்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுச்சென்ற பேலட்டுகளையும் வண்டிகளையும் வைத்து அரசே ஒரு பொதுக் குழுமம் தொடங்கியது. பின்னாளில் அதுவே 'செப்' என்ற தனியார் கம்பெனி ஆனது. யாருடைய பேலட் என்ற சண்டை இல்லாமல் எல்லாரும் வாடகைக்கு எடுத்துச் சுற்றவிட்டார்கள். அங்கே ஆள் பற்றாக்குறை. இங்கே ஆளுக்கா பஞ்சம்?

அந்த ஆட்களின் கதையும் சந்தின் கதைதான். ஒரு காலத்தில் 100 கிலோ மூட்டை சாதாரணம். 1967-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு, ஒரு ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. கூடவே வந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2010-இல். நடுவில் 43 வருஷம்! எத்தனை பேர் கழுத்தெலும்பும் மூட்டும் தேய்ந்திருக்கும். மூட்டை இப்போது 50 கிலோ, 40 கிலோ என்று இறங்கிவிட்டது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளருக்கென்று 1982-இல் ஒரு சட்டம், 1999-இல் நல வாரியம் வந்தன.

"மெஷின் வந்தால் இவர்கள் பிழைப்பு போகும்" என்பார்கள் சிலர். "இந்த வேலையை மனிதன் செய்யவே கூடாது" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேரும் கிடங்குக்குள் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். 12 அடிச் சந்து விட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினால், கிடங்கில் கொள்கிற நெல் குறையும், அடுக்குகிற வேலையோ அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் திறந்தவெளியில் நெல் மூட்டை நனைகிற மாவட்டங்களில் உள்ளே இருக்கிற இடத்தைக் குறைப்பது யாருக்கு நல்லது? அதற்குப் பதில், சாய்வாக நிற்கிற ஒரு பெல்ட் கன்வேயர் அந்த முதுகோடு ஏறுகிற படியை மட்டும் மிச்சப்படுத்தும். சந்து குறுகியே இருக்கலாம், ஆளும் வேலையில் இருப்பார், மூட்டை தானாக மேலே போகும். விலையும் ஒரு ரீச் டிரக் அளவுக்கு ஆகாது.

இல்லை, எங்கள் கிடங்கில் பேலட்தான், வண்டிதான் வேண்டும் என்பவர்கள் ஒன்று செய்யுங்கள். விற்பனைக்காரர் அளக்கச் சொல்வது பேலட்டின் அகலத்தை. நீங்கள் அளக்க வேண்டியது மூட்டையின் வயிற்றை. 1 மீட்டர் பேலட்டில் அடுக்கிய நெல் மூட்டை இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும், கீழடுக்கு இன்னும் அதிகமாக. சந்தை ரேக்குக்கு ரேக் அளக்காமல், பிதுங்கிய மூட்டைக்கு மூட்டை அளந்து, அந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கம்பம் முழுக்க இறங்கிய நிலையில் உங்கள் ஷட்டருக்குள் நுழையுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.